சாலை ஏன் காலியாக இருக்கிறது? அப்ருட்ஸோ மலைகளில் சைக்கிளில்

மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: நல்ல தார்ச்சாலை வேண்டும், அதில் வண்டி வரக்கூடாது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். சாலை நன்றாக இருந்தால் வண்டிகள் வந்துவிடும். வண்டி வராத சாலையை யாரும் பராமரிப்பதில்லை.

நான் தேடும் விதம் கொஞ்சம் வேறு. வரைபடத்தில் ஒரு மலைச்சாலையைப் பார்த்ததும், இது ஏன் காலியாக இருக்கப்போகிறது என்று கேட்டுக்கொள்வேன். பதில் கிடைக்காவிட்டால் அந்தச் சாலையை நம்ப மாட்டேன். பதில் கிடைத்துவிட்டால், அந்த வட்டாரத்தின் சரித்திரத்தில் பாதி அதற்குள்ளேயே இருக்கும். இப்படிக் கேட்டுப் பழக இத்தாலியின் அப்ருட்ஸோ மாதிரி ஓர் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரோமிலிருந்து நேர் கிழக்கே போனால் அப்ருட்ஸோ. ஆல்ப்ஸ் மலைக்கும் டஸ்கனிக்கும் போகிற சைக்கிள்காரர்களில் மிகச் சிலரே இந்தப் பக்கம் வருகிறார்கள். அப்பென்னைன் மலைத்தொடரின் மிக உயரமான சிகரமான கோர்னோ கிராந்தே, 2,912 மீட்டர், இங்கேதான் இருக்கிறது. மூன்று தேசியப் பூங்காக்களும் ஒரு பெரிய மாகாணப் பூங்காவும் இந்த ஒரே மாகாணத்தில் அடங்கும். உச்சியில் பனி கிடக்கும்போதே, ஏட்ரியாடிக் கடற்கரையில் குளித்துக்கொண்டிருப்பார்கள். நடுவே, குன்றுகளின் தலையில் கல்வீடுகளை அடுக்கி வைத்த ஊர்கள்.

முதலில் சுலபமான பதிலிலிருந்து தொடங்குகிறேன். ரோமிலிருந்து லாக்விலா வழியாகத் தெரமோ போகும் ஏ24 அதிவேகச் சாலை, கிரான் சாஸ்ஸோ மலையைக் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் சுரங்கத்தால் துளைத்துக்கொண்டு போகிறது. 1984இல் அது திறக்கும்வரை மலையைத் தாண்ட வேண்டியவர்கள் எல்லோரும் எஸ்.எஸ். 80 என்ற பழைய சாலையில்தான் போயாக வேண்டும். லாரி, பேருந்து, கல்யாண வீட்டுக்கார் எல்லாம் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள கப்பன்னெல்லே கணவாயில் ஏறி, வொமானோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கின. இன்றைக்கு அதே பயணம் காரில் சில நிமிடச் சுரங்கம். லாரிகளுக்காக வெட்டிய மிதமான சரிவும் அகலமான வளைவுகளும் அப்படியே இருக்கின்றன, லாரிகள்தான் இல்லை. சாதாரண நாளில் போனால் ஒரு மணி நேரத்தில் எதிரே வரும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அதே வளைவுகள் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் பிடிக்கும்.

அந்தச் சுரங்கத்தின் பக்கவாட்டில்தான் இத்தாலியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்று, ஏறத்தாழ 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்களை அவ்வளவு பாறையும் தடுத்துவிடுவதால் நியூட்ரினோ போன்ற துகள்களை அங்கே தொந்தரவில்லாமல் ஆராய முடிகிறது. மலைக்கு மேலே சைக்கிளில் போகும் எனக்கும், மலைக்கு அடியில் உட்கார்ந்து துகள் எண்ணுகிறவர்களுக்கும் தேவை ஒரே மாதிரியானது என்று கப்பன்னெல்லே ஏற்றத்தில் நினைத்துக்கொள்வேன். இருவருக்கும் இரைச்சல் ஆகாது.

தெற்கே இன்னொரு அதிவேகச் சாலை, ஏ25, இதே வேலையை எஸ்.எஸ். 5க்குச் செய்திருக்கிறது. அது ரோமானியர்களின் வலேரியா சாலை. பேரரசர் கிளாடியஸ் காலத்தில் அதை ஏட்ரியாடிக் கரைவரை நீட்டினார்கள். கொல்லார்மேலே ஊரின் காற்றாலைகளுக்குக் கீழே தொடங்கி ஃபோர்கா கருஸோ கணவாயைக் கடந்து ராயானோ இறங்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஏற்றம் முரட்டுத்தனமானதல்ல. ஆனால் காற்று பெரிய எதிரி. காற்றாலை அங்கே நிற்பதற்குக் காரணம் முகத்தில் அறையும்.

சரி, இந்த வகைச் சாலைகளை யாரும் வரைபடம் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சுரங்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதன் தலைக்கு மேலே பழைய சாலை சுருண்டு கிடக்கும். என் மனசுக்கு நெருக்கமானது இரண்டாவது வகை. அங்கே போக்குவரத்து வேறு பாதைக்கு மாறவில்லை. அந்தச் சாலைக்கு உயிர் கொடுத்த தொழிலே போய்விட்டது.

அந்தத் தொழில் ஆடு. இலையுதிர் காலத்தில் அப்ருட்ஸோ மலையிலிருந்து மந்தைகளைத் தெற்கே புலியா சமவெளிக்கு ஓட்டிப்போய், கோடையில் திரும்பக் கொண்டுவருவார்கள். அதற்கென்றே 'திராத்தூரோ' என்ற புல்வழிகள் இருந்தன. மிகப் பெரியது லாக்விலாவிலிருந்து ஃபோஜ்ஜாவரை 244 கிலோமீட்டர். அகலம் 111 மீட்டர். 1447இல் நேப்பிள்ஸை ஆண்ட அரகோன் அல்ஃபோன்ஸோ இந்த மந்தைகளுக்கு வரி வசூலிக்கத் தனி அலுவலகமே வைத்தார். லட்சக்கணக்கான ஆடுகள், அவற்றோடு கம்பளி, பாலாடைக்கட்டி, பணம் எல்லாம் இந்த மலைவழியே நடந்தன. இன்று நாம் வாயைப் பிளந்து பார்க்கும் கல்வீட்டு ஊர்கள் எல்லாம் அந்தக் கம்பளிக் காசில் எழுந்தவை. இதைத் தெரிந்துகொண்டபின் லாக்விலாவிலிருந்து கம்போ இம்பெரத்தோரே பீடபூமிக்குப் போகும் வட்டப்பாதை எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

லாக்விலாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 ஏப்ரல் 6 அதிகாலை 3:32 மணிக்கு வந்த நிலநடுக்கத்தில் இந்த நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் 309 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் நகரத்தின் மையம் பூட்டிக் கிடந்தது. இப்போது வெளுத்த கல்முகப்புகள் புதிதாகத் துடைத்து வைத்ததுபோல் நிற்கின்றன. இன்னும் சில தெருக்களில் சாரம் கட்டியிருக்கிறது. 2026க்கான இத்தாலியக் கலாசாரத் தலைநகராக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். கிளம்புமுன் '99 குழாய்' நீரூற்றுக்குப் போய் வாருங்கள். 1272இல் தொடங்கிய கட்டுமானம். சுவரில் வரிசையாகக் கல்முகங்கள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் தண்ணீர். இரண்டு முகங்கள் ஒரே மாதிரி இருக்காது. 99 ஊர்கள் சேர்ந்து கட்டிய நகரம் என்பது ஐதீகம்.

நகரத்திலிருந்து கிழக்கே எஸ்.எஸ். 17 நேராகப் போகிறது. அதில் லாரி உண்டு, நான் தவிர்ப்பேன். ஆற்றின் தென்கரையில் ஃபோஸ்ஸா, சான் தெமேத்ரியோ வழியாகச் சிறிய சாலை இருக்கிறது. அதில் போய் ப்ராத்தா தான்ஸிதோனியா பக்கம் ஏறினால், ஒரு மேட்டு வயலின் நடுவே பெல்துயினும் என்ற ரோமானிய நகரத்தின் சிதிலம். ஒரு வாசலின் இரண்டு தூண்கள், உடைந்த அரங்கம், புல். நகரத்தின் நடுத்தெருவாக இருந்ததுதான் பின்னாளில் ஆட்டு மந்தைகளின் வழியாயிற்று. ரோமானிய வாசலுக்குள் புகுந்து ஆடுகள் புலியாவுக்குப் போயிருக்கின்றன! சைக்கிளை ஒரு கல்லில் சாய்த்துவிட்டு அந்த வாசலில் நின்று சுற்றிலும் பாருங்கள். வடக்கே கிரான் சாஸ்ஸோவின் முதுகு, கிழக்கே நவெல்லி சமவெளி. அந்தச் சமவெளியில் அக்டோபரில் குங்குமப்பூ பறிப்பார்கள். வெயில் ஏறிப் பூ விரியுமுன் விடியலிலேயே கையால் கிள்ளியாக வேண்டும்.

நேரம் இருந்தால் பொமினாக்கோவுக்கும் ஒரு நடை போகலாம். அங்கே 1263இல் உள்சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய சின்னஞ்சிறு பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. வெளியே பார்த்தால் தானியக் கிடங்கு மாதிரிதான் தெரியும். உள்ளே மாதங்களின் நாட்காட்டிகூடச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். சைக்கிள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காலுறையோடு உள்ளே நின்றேன். வியர்வை குளிர்ந்து நடுக்கம் எடுத்ததும்தான் எவ்வளவு நேரமாயிற்று என்று உறைத்தது.

எஸ்.எஸ். 17ஐ சில கிலோமீட்டர் பொறுத்துக்கொண்டு பரிஷானோவில் மலைப்பக்கம் திரும்பிவிட்டால், பிறகு நாள் முழுக்க நெடுஞ்சாலைச் சத்தம் கிடையாது. ஏறுவது சான்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோவுக்கு, 1,251 மீட்டர். நூறு பேர் வாக்கில் வசிக்கும் ஊர். நுழைவாயில் வளைவின்மேல் ஃபுளோரன்ஸின் மெடிச்சி குடும்பத்துச் சின்னம் செதுக்கியிருக்கிறது. எங்கேயோ இருக்கிற வங்கிக் குடும்பத்துக்கு இந்த மலைமுட்டில் என்ன வேலை? கம்பளிதான். 1579இல் மெடிச்சிகள் இந்த ஊரை வாங்கினார்கள். இங்கே கிடைத்த கரடுமுரடான கறுப்புக் கம்பளி துறவிகளின் அங்கிக்கும் படைவீரர் உடுப்புக்கும் போனது. ஊரின் வட்டக் கோபுரம் 2009இல் விழுந்து, மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது. ஊரில் விளையும் பருப்பு கடுகைவிடச் சற்றே பெரியது. ஊறவைக்கத் தேவையில்லை, அப்படியே வேகும். அதில் செய்த சூப் ஒரு தட்டு, ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள், கால் நன்றி சொல்லும்.

அடுத்து கலாஷோ. ஊருக்கு மேலே 1,460 மீட்டரில் ரோக்கா கலாஷோ கோட்டை. நான்கு வட்டக் கோபுரங்கள், வெள்ளைக் கல். இந்தக் கோட்டை கண்காணித்ததும் ஆட்டுவழியைத்தான். படம் எடுக்க வரும் கூட்டத்தால் கோடை வார இறுதிகளில் அந்தக் குறுகிய கிளைச்சாலை நெரிசலாகிவிடுகிறது. நான் கீழே இருந்தே பார்த்துவிட்டு காஸ்தெல் தெல் மோன்தேவுக்குப் போய்விடுவேன். மேய்ப்பர்களின் ஊர் என்றால் அதுதான். தெருக்களின்மேல் வீடுகளைக் கட்டி, அடியில் கூரை போட்ட நடைவழிகளாக விட்டிருக்கிறார்கள். பனி கொட்டினாலும் அடியில் நடக்கலாம். தண்ணீர் புட்டிகளை இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மேலே நிழல் கிடையாது, கடையும் கிடையாது.

அங்கிருந்து கணவாயைத் தாண்டினால் கம்போ இம்பெரத்தோரே பீடபூமி. நீளம் 27 கிலோமீட்டர், சராசரி உயரம் 1,800 மீட்டர். 'சின்னத் திபெத்' என்பார்கள். ஒரு மரம் இல்லை. புல், சுண்ணாம்புப் பாறை, வலப்பக்கம் சுவராக எழும் சிகரங்கள், நடுவில் ஒற்றைச் சாலை. தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், பாறையா ஆடா என்று சொல்ல முடியாது. அவை நகர்ந்தால் ஆடு. ஆடு இருந்தால் நாய் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நாய்களைப் பற்றி விவரமாகச் சொல்லியாக வேண்டும். மரெம்மா-அப்ருட்ஸோ இனக் காவல் நாய்கள், பெரிய வெள்ளை நாய்கள். வேட்டைக்கோ விளையாட்டுக்கோ வளர்த்தவை அல்ல, ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்க வளர்த்தவை. ஓநாய் கழுத்தைக் கவ்வாமல் இருக்க இரும்பு முள் வைத்த பட்டை அணிவிப்பதும் உண்டு. இவை ஆட்டுக்குட்டிகளோடு சேர்ந்தே வளர்வதால், மந்தைதான் தன் குடும்பம் என்று நம்புகின்றன. வேகமாக வரும் எதுவும் அவற்றுக்கு ஆபத்து. ஆகவே மிதித்துத் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கண்ணுக்குக் கண் முறைக்கக் கூடாது, கத்தக் கூடாது, மந்தைக்குள் புகவே கூடாது. ஒருமுறை சாலையின் இரு பக்கமும் மந்தை பரவி நின்றது. நான்கு நாய்கள் குரைத்துக்கொண்டே அரைவட்டமாக வந்தன. நான் நின்றுவிட்டேன். மேட்டிலிருந்து மேய்ப்பர் ஒரே ஒரு விசில் அடித்தார். நாய்கள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டன, ஆனால் நான் மறையும்வரை ஒன்றின் தலையும் என் பக்கமிருந்து திரும்பவில்லை. அந்த நாய்களின் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. ஐந்து நூற்றாண்டுத் தொழிலில் இன்னும் வேலையை விடாதவை அவைதான்.

பீடபூமியின் மேற்குக் கோடியில் 2,100 மீட்டருக்கு மேலே ஒரு பழைய விடுதி நிற்கிறது. 1943இல் முசோலினியைச் சிறைவைத்தது அங்கேதான். செப்டம்பர் 12 அன்று ஜெர்மானியர்கள் கிளைடர்களில் இறங்கி அவரைக் கொண்டுபோனார்கள். சைக்கிள் ரசிகர்களுக்கு அந்த ஏற்றம் வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும்: இத்தாலியைச் சுற்றும் ஜீரோ தித்தாலியா பந்தயத்தில், 1999இல், மார்கோ பந்தானி அங்கே ஜெயித்தார். விடுதிவரை ஏறுவதும் விடுவதும் உங்கள் காலைப் பொறுத்தது. நான் காற்றைப் பார்த்து முடிவு செய்வேன். கோடையில் மதியத்துக்குமேல் இடி மழை சட்டென்று கட்டும், ஒதுங்க இடமில்லாத வெளி அது. ஃபோன்தே செர்ரெத்தோ பக்கம் இறங்கினால் லாக்விலா வந்துவிடும்.

இரண்டாவது நாளுக்கு, அல்லது கால் ஆறியபின், சுல்மோனா. ரோமானியக் கவிஞர் ஓவிட் பிறந்த ஊர். சர்க்கரைப் பூச்சு போட்ட பாதாம் மிட்டாயைக் கம்பியில் கட்டிப் பூங்கொத்தாக்கிக் கடைவாசலில் தொங்கவிடுவார்கள். சதுக்கத்தின் ஓரமாக 1256இல் கட்டிய நீர்ப்பாலம் வளைவு வளைவாக ஓடுகிறது. ரயிலில் வந்து இறங்கி அப்படியே மிதிக்கலாம் என்பதால் தங்குவதற்கு நான் சொல்வது இந்த ஊரைத்தான்.

சுல்மோனாவிலிருந்து அன்வெர்ஸா வந்து, சஜித்தாரியோ ஆற்றின் செங்குத்தான இடுக்கு வழியே ஸ்கான்னோவுக்கு ஏறும் சாலை பாறையைக் குடைந்து போட்டது. ஒரு பக்கம் தலைக்குமேல் கல், மறுபக்கம் தாழ்ந்த சுவர், அதற்குக் கீழே ஆழத்தில் தண்ணீர். வழியில் குட்டிக் குகைவழிகள் உண்டு, விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே வில்லாலாகோ, அதைத் தாண்டினால் மலைச்சரிவு விழுந்து ஆற்றை அடைத்ததால் உண்டான ஸ்கான்னோ ஏரி. ஸ்கான்னோ ஊரின் படிக்கட்டுத் தெருக்களில் கறுப்பு உடை அணிந்த பெண்களை 1950களில் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், ஜாகொமெல்லி என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர்கள் படம் எடுத்தார்கள். அதனால் ஊருக்கு இன்றும் பார்வையாளர்கள் வருகிறார்கள், சாலை முற்றிலும் காலி என்று சொல்ல மாட்டேன்.

முழு அமைதி வேண்டுமென்றால் அன்வெர்ஸாவிலிருந்தே பிரிந்து காஸ்த்ரோவால்வாவுக்கு ஏறுங்கள். கத்திமுனை போன்ற பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். டச்சு ஓவியர் எஷர் 1930இல் இதைக் கல்லச்சில் வரைந்திருக்கிறார். சாலை அந்த ஊரோடு முடிகிறது. முட்டுச்சாலைகளை நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம், வட்டமாக வராத பாதை என்றால் ஏதோ குறை என்று எண்ணம். ஆனால் அந்த ஊர்க்காரரைத் தவிர யாருக்கும் அந்தச் சாலையில் வேலையில்லை. ஏறும்போது பாறையையே பார்த்து வந்த கண்ணுக்கு, இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுவதும் திறக்கும். ஒரே சாலை, இரண்டு பயணம்.

ஸ்கான்னோவுக்கு மேலே கோதி கணவாய், 1,630 மீட்டர். மறுபக்கம் பீச் (beech) மரக்காடுகளுக்குள் வில்லெத்தா பர்ரேயாவரை இறங்கலாம். மர்சிக்கா கரடி வாழும் தேசியப் பூங்கா அது. அந்த ஊரில் மான்கள் தோட்டத்து வேலியோரம் சர்வசாதாரணமாக நிற்கும். வளைவுகளில் மணியடித்துக்கொண்டே இறங்குங்கள்.

மயெல்லா மலைப்பக்கம், பாச்சென்த்ரோ ஊரின் மூன்று கோட்டைக் கோபுரங்களுக்கு அருகில் தொடங்கி 1,282 மீட்டர் சான் லெயொனார்தோ கணவாயைக் கடந்து கரமானிக்கோ இறங்குவது இன்னொரு நல்ல நாள். இங்கே அமைதிக்குக் காரணம் கேட்டால் பதில் கனமானது. இந்த ஊர்களின் ஆண்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெல்ஜியத்துக்கும் போய்விட்டார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மர்ஸினேல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தபோது, அதில் 136 பேர் இத்தாலியர்கள். இந்த மலையடிவாரத்து மனொப்பெல்லோ என்ற ஒரே ஊர் அதில் பல பிள்ளைகளை இழந்தது. பூட்டிய கதவுகளின் வரிசையைப் பார்த்து 'ஆஹா, என்ன அமைதி' என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: காபிக் கடை திறந்திருக்கும் எந்தச் சிற்றூரையும் நிற்காமல் கடப்பதில்லை. காபி வேண்டாம் என்றாலும் நிற்பேன். கல்லாவில் இருக்கும் பாட்டி எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்பார். கணவாயின் பெயரைச் சொன்னால் காற்று எப்படி இருக்கும் என்று அவரே சொல்லிவிடுவார். அதற்கு மேல் எந்தச் செயலியும் தேவைப்பட்டதில்லை.

கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன், செப்டம்பர் இரண்டும் நல்ல மாதங்கள். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி இத்தாலி முழுக்க மலைக்குக் கிளம்பிவிடும், அப்போது கம்போ இம்பெரத்தோரே பக்கம் போகாதீர்கள். குளிர்காலத்தில் பனி காரணமாகப் பீடபூமிச் சாலையை மூடிவிடுவார்கள். சிறு சாலைகளில் குழிகள் அதிகம், நிழலில் வரும்போது கண்ணுக்குத் தெரியாது. 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள், 32 என்றால் இன்னும் நல்லது. மண்சரிவால் சாலை மூடல் என்ற பலகை அடிக்கடி வரும். அதை மதியுங்கள், கார் போக முடியாத இடத்தில் சைக்கிள் போய்விடும் என்று பாறைக்கு அடியில் பந்தயம் கட்ட வேண்டாம். இத்தாலியச் சட்டப்படி ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். சுரங்கத்துக்குள்ளும், ஊருக்கு வெளியே இருட்டிய பின்னும், ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும், கையோடு வைத்திருங்கள். ஊர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் மாலைதான் திறக்கும், சாப்பாட்டை அதற்கு முன் வாங்கிவிடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காஸ்தெல் தெல் மோன்தேவிலேயே இரவு தங்கி, காலை ஆறு மணிக்குப் பீடபூமிக்கு ஏறுங்கள். அந்த நேரத்தில் காற்று எழுந்திருக்காது, மந்தைகள் பட்டியை விட்டுக் கிளம்பியிருக்காது, 27 கிலோமீட்டரும் உங்களுக்குத்தான்.